மூன்று நாளுக்கு மேல் அவர் விருந்தாளி இல்லை

அனந்தபுரத்தில் தொடங்கும் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வந்தவர் காலத்தோடு கிளம்பட்டும் என்பதற்காகச் சொல்லிவைத்த பழமொழி அது. நாங்கள் அதையே மறுமுனையில் பிடித்துக்கொள்கிறோம். நான்காம் நாளும் ஒருவர் கிளம்பவில்லை, கிளம்பிப் போக அவருக்கு ஊரே இல்லை என்றால், அதற்கு மேலும் அவரை விருந்தாளி என்று சொல்லிக்கொண்டிருப்பது நமக்கு வசதியான பொய். அவர் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் கொடுத்தனுப்பினால் போதாது. வீட்டுமனைப் பட்டா, வாக்காளர் பட்டியலில் ஒரு வரி, பாஸ்போர்ட், பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடும் தகுதி என்று நமக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அதெல்லாம் அவருக்கும் வேண்டும்.

செஞ்சிப் பக்கத்து அனந்தபுரத்தில் கூடியிருக்கும் நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. மல்லாட்டை போடுகிறவர்கள், கரும்பு வெட்டுகிறவர்கள், சூளையில் கல் அறுத்தவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படிக்கும் பிள்ளைகள், சிங்கப்பூரிலும் துபாயிலும் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்கள். இயக்கத்துக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பெயரில் தொடங்கி, கொடியில் வளர்ந்து, கொடிக்கம்பத்துக்காக உடைந்த அமைப்புகளைத் தென்னாற்காடு நிறையப் பார்த்திருக்கிறது. வேலை நடக்கட்டும், பெயர் தானாக வரும்.

வேலை இதுதான். உயிருக்கு அஞ்சியோ பிழைப்புத் தேடியோ எங்கள் மாவட்டத்துக்கு வந்திருக்கிறவர்கள் இங்கே உரிமையோடு வாழத் துணை நிற்பது. இந்த வேலையை யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று தேடியபோது கிடைத்த நல்ல வாத்தியார்கள் யூதச் சமூகங்கள். எங்களில் யூதர் ஒருவரும் கிடையாது. பிறகு ஏன் அவர்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பிரகடனம் இவ்வளவு நீண்டுவிட்டது.

கீழ்ப்புத்துப்பட்டு

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கீழ்ப்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கப் போனவர்களுக்கு ஊர் தெரியும். அங்கேயே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. அதே கரையில் கொஞ்ச தூரத்தில் ஆரோவில். 1968 முதல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டவர் அங்கே வந்து வாழ்கிறார்கள், செம்மண் பொட்டலைக் காடாக்கியிருக்கிறார்கள். அதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிரெஞ்சு பேசுகிறவர் எங்கள் மாவட்டத்தில் நினைத்த நேரத்தில் போய் வரலாம், எங்கள் மொழியையே பேசுகிறவர் முகாம் பதிவு நாளில் வரிசையில் நின்று தலையைக் காட்டியாக வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை, வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

1983 ஜூலைக் கலவரத்தில் தொடங்கி, போர் ஓய்ந்த பின்னும் சில ஆண்டுகள் வரை, அலை அலையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பினார்கள், சிலர் மேலை நாடுகளுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் சொன்ன கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு 34,087 பேர். அன்றைக்கு அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டத்தில் 7,469 புதிய வீடுகள் இருந்தன. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாக உயர்ந்தது. அகதிகள் முகாம் என்ற பலகை இறங்கி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்ற பலகை ஏறியது. இவற்றை நாங்கள் மனதார வரவேற்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் தாத்தா முதல் பேத்தி வரை படுத்து எழுந்தவர்களுக்குத்தான் புதுவீட்டின் அருமை தெரியும். இருந்தாலும் பலகை மாறியதே தவிரப் பதிவேடு மாறவில்லை. பொறியியல் படித்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கப் போகும் பிள்ளைகள் முகாம்தோறும் உண்டு. வேலைக்கு எடுக்கும் கம்பெனி முதலில் கேட்கும் காகிதம் அவர்களிடம் இல்லை.

குடியுரிமை என்ற அந்தக் காகிதம் சென்னையில் கிடைக்காது, தில்லியில்தான். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. குடியுரிமைச் சட்டத்துக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த விதி இன்னும் கடுமை: 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தையின் பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டாலே அந்தக் குழந்தை இந்தியர் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. இராமேசுவரத்துக்கு எதிரே இருக்கும் தீவு அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் வரைபடத்தில் இல்லை போலும். 2025 செப்டம்பரில் ஒன்றிய உள்துறை ஓர் ஆணை இட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர் மீது, பாஸ்போர்ட் விசா இல்லாததற்காகத் தண்டனைப் பிரிவுகள் பாயாது. நல்லது. குற்றவாளி இல்லை என்று சொல்லவே நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது. குடிமக்கள் என்று சொல்ல அவ்வளவு காலம் காத்திருக்க முகாமில் இருக்கிற பெரியவர்களுக்கு ஆயுசு இல்லை.

எங்களை அதிகம் உறுத்துவது மலையகத்தார் கதை. முகாமில் இருக்கிற கணிசமானோர் ஈழத்தின் பூர்வீகக் குடிகள் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து தேயிலைக் காட்டுக்குப் போன கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள். 1948இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். ஆட்டுச் சந்தையில்கூட ஆட்டைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். இந்த ஒப்பந்தங்களில் யாரும் வாயைத் திறந்து அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பலருக்கு, போர் மூண்டு தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். கள்ளத்தோணியில் வந்ததால் அகதி. ஆள் ஒருவரே, பாட்டன் ஊரும் ஒன்றே.

2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அமர்வில், முகாம்வாசிகள் 65 பேரின் வழக்கில் இந்த நியாயத்தைத் தொட்டது. அவர்கள் இந்திய வம்சாவளியினர், குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கட்டும், ஒன்றிய அரசு பரிசீலிக்கட்டும் என்றது. நாங்கள் கோருவதும் அதற்குக் கூடுதலாக எதுவும் இல்லை. பரிசீலித்து முடியுங்கள் என்கிறோம்.

யூதர்களிடம் கற்றது

இரக்கத்தை யாரிடமும் இரவல் வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. 1983இல் இராமேசுவரம் கரையில் வந்திறங்கியவர்களுக்கு மீனவர்கள் கஞ்சி ஊற்றினார்கள், ஊர் ஊராகத் துணி சேர்த்து அனுப்பினார்கள். கண்ணீர் விடுவதில் தமிழர்களை மிஞ்ச ஆள் இல்லை. கண்ணீர் காய்ந்த பிறகு செய்ய வேண்டிய அலுவல் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம், உத்தரவாதக் கடிதம், மொழிபெயர்ப்பாளர், வக்கீல், பள்ளிக்கூடச் சேர்க்கை. இதைத் தலைமுறை தலைமுறையாக, சலிக்காமல் செய்தவர்கள் யூதர்கள்.

1881இல் ரஷ்யப் பேரரசில் யூதக் குடியிருப்புகள் சூறையாடப்பட்டபோது நியூயார்க் போய்ச் சேர்ந்தவர்களுக்காகத் தொடங்கியது ஹையஸ் என்ற அமைப்பின் வரலாறு. முன்னே வந்தவர்கள் பின்னே வந்தவர்களுக்குச் செய்த காரியம் அது. எல்லிஸ் தீவில் கப்பல் இறங்கியவர்களிடம் அதிகாரி கேட்பதை இத்திஷ் மொழியில் சொல்வது, தங்க இடம் காட்டுவது, வேலை தேடித் தருவது, திருப்பி அனுப்ப உத்தரவானால் மேல்முறையீடு செய்வது. முதல் உலகப் போர் வரையிலான காலத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன யூதர்கள் ஏறத்தாழ 20 லட்சம்.

பிறகு கதவு சாத்தப்பட்டது. 1938 ஜூலையில் எவியானில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்துக் கலைந்தன. டொமினிகன் குடியரசு ஒன்றுதான் பெரிய அளவில் ஏற்க முன்வந்தது. அடுத்த ஆண்டு செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு கியூபாவுக்குப் போய், அங்கே மிகச் சிலரே இறங்க முடிய, அமெரிக்காவும் கனடாவும் இடம் தராமல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. திரும்பியவர்களில் 254 பேர் நாஜிகளால் மடிந்தார்கள். இந்தியாவிலும் இதன் ஒரு கிளைக்கதை உண்டு. 1934இல் பம்பாயில் தொடங்கிய யூத நிவாரணச் சங்கம், ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வருகிறவர் அரசுக்குப் பாரமாக மாட்டார் என்று எழுத்தில் உத்தரவாதம் கொடுத்து அவர்களை உள்ளே அழைத்தது. 1939இல் போர் வந்ததும் ஆங்கில அரசு, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களையே ஜெர்மானியர் என்று பிடித்து அடைத்தது. சங்கம் அதிகாரிகளின் கதவைத் தட்டித் தட்டி அவர்களை வெளியே எடுத்தது. இலங்கைத் தமிழரையும் அடைத்துவைத்த திருச்சி சிறப்பு முகாமைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்த நியாயம் புதிதாக இருக்காது.

இதுவரை சொன்னது சொந்த சனத்துக்குச் செய்த உதவி. எந்தச் சாதிச் சங்கமும் செய்யக்கூடியதுதான். எங்களை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த கட்டம். 1970களில் வியட்நாம், கம்போடியா அகதிகள் வந்தபோது ஹையஸ் அவர்களையும் குடியமர்த்தியது. இன்றைக்கு அது உதவும் மக்களில் பெரும்பாலோர் யூதர் இல்லை. சிரியர்கள், ஆப்கானியர்கள், காங்கோக்காரர்கள். வருகிறவர் யூதர் என்பதால் ஒரு காலத்தில் உதவினோம், உதவுகிற நாங்கள் யூதர் என்பதால் இன்று உதவுகிறோம் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்கள், அந்நியரை ஒடுக்காதீர்கள் என்ற கருத்து அவர்கள் வேதமான தோராவில் 36 இடத்தில் வருவதாக, அதற்கு விளக்கம் சொல்லும் தல்மூத் எண்ணிச் சொல்கிறது. அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்றால், அவர்களும் நம்மைப் போல மறக்கக்கூடியவர்கள்தான் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இதற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரத் தொழுகைக் கூடத்தில் புகுந்து 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், ஹையஸ் அகதிகளைக் கொண்டுவருகிறது என்ற ஆத்திரத்தை எழுதி வைத்துவிட்டுத்தான் வந்தான். அந்தக் கட்டடத்தில் கூடிவந்த சபைகளில் ஒன்று, அகதிகளுக்கென ஹையஸ் நடத்திய சிறப்பு ஓய்வுநாள் வழிபாட்டில் அப்போதுதான் பங்கெடுத்திருந்தது. ஹையஸ் கதவை மூடவில்லை.

கனடாக் கதை நம் வீட்டுக் கதையாகவே ஆகிவிட்டது. 1933 முதல் 1945 வரை அந்தப் பெரிய நாடு ஏற்ற யூதர்கள் ஏறத்தாழ 5,000 பேர்தான். அந்த வெட்கக்கேட்டை அரசு ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்த வரலாற்றாசிரியர்கள் இர்விங் அபெல்லாவும் ஹரோல்ட் ட்ரோப்பரும், 1979இல் தங்கள் கட்டுரையின் கையெழுத்துப் பிரதியைக் குடியேற்ற அமைச்சர் ரான் அட்கிக்குக் கிடைக்கச் செய்தார்கள். கதவை மூடிய அமைச்சர் என்று பெயர் வாங்க அட்கி விரும்பவில்லை. வியட்நாம் படகு மனிதர்கள் 50,000 பேரை ஏற்பதாகக் கனடா அறிவித்தது, பிறகு எண்ணிக்கை 60,000 ஆயிற்று. அப்படிப் பழக்கப்பட்ட கரைக்குத்தான் 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகில் 155 தமிழர்கள் போய்ச் சேர்ந்தார்கள். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் கண்டெடுத்தார்கள், நாடு தங்கவைத்தது. இன்று டொரொண்டோவில் தமிழில் பெயர்ப்பலகை எழுதிக் கடை நடத்துகிறவர் யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால், பட்டியலில் செயின்ட் லூயிஸ் பயணிகளும் வருவார்கள்.

செப்பேடு

தென்னிந்தியாவில் இந்தக் கடன் எதிர்த்திசையில் ஓடியதற்கும் சான்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் இருந்து யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குச் செப்பேடு வெட்டிக் கொடுத்தான். நம் முன்னோர் எழுதிய வட்டெழுத்தில்தான் அது இருக்கிறது. மட்டாஞ்சேரி பரதேசித் தொழுகைக் கூடத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தார்கள். பகலில் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, எக்காளம், தோரணம், வரிவிலக்கு என்று 72 உரிமைகள், அவருக்கும் அவர் வழியில் வருகிறவர்களுக்கும். மன்னன் விருந்தும் வைத்திருப்பான். விருந்தைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. உலோகத்தில் வெட்டிக் கொடுத்ததுதான் ஆயிரம் ஆண்டு நின்றது.

இன்னொரு மனிதரைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அவர் எங்கள் பக்கத்தில் நடமாடியவர். மாரிஸ் ஃபிரிட்மன், வார்சாவில் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த பொறியாளர். 1930களில் மைசூர் அரசின் மின்பொருள் தொழிற்சாலையை நடத்தப் பெங்களூர் வந்தவர், திருவண்ணாமலையில் ரமணரிடம் ஒட்டிக்கொண்டார். செஞ்சியிலிருந்து ஒரு பஸ் ஏறினால் எட்டிவிடும் இடம். பாரதானந்தர் என்றும் அவரை அழைத்தார்கள். தனுஷ் தக்ளி என்ற எளிய நூற்புக் கருவி அவர் செய்தது. 1959க்குப் பிறகு திபெத்தியர்கள் மலை தாண்டி வந்தபோது, உமாதேவி என்றழைக்கப்பட்ட போலந்துப் பெண்மணி வாண்டா டினோவ்ஸ்காவோடு சேர்ந்து அவர்களுக்காக ஓடியாடினார். அவர்களுக்கு நிலமும் பள்ளியும் வேண்டும் என்று நேருவிடம் வாதாடியவர்களில் அவர் ஒருவர். மைசூர் மாநிலத்தில் பைலகுப்பேயில் திபெத்தியர் உழுது பயிரிடும் குடியிருப்பு எழுந்தது. கூடாரமும் பணக்கொடையும் போதும் என்று அன்று விட்டிருந்தால், திபெத்தியர் நிலையும் கீழ்ப்புத்துப்பட்டு நிலையாகத்தான் இருந்திருக்கும். ஒரே நாடு, ஒரே அரசமைப்புச் சட்டம், வெவ்வேறு மனம்.

எங்களிடம் கேட்கிறார்கள்

பாலஸ்தீனர்களை விரட்டியவர்களிடமா பாடம் கேட்கிறீர்கள் என்று முதல் கூட்டத்திலேயே ஒரு தோழர் எழுந்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள், காசாவின் இடிபாடுகளை உலகமே பார்த்தது. இதில் எங்களுக்கு இரண்டு மனம் இல்லை. அவர்கள் திரும்பும் உரிமையும் நாங்கள் பேசும் உரிமைதான். ஆனால் ஓர் அரசு வேறு, உலகெங்கும் பரவிய ஒரு சமூகம் வேறு. 2018 தொடக்கத்தில் இஸ்ரேல் அரசு எரித்திரியா, சூடான் அகதிகளை வேறொரு ஆப்பிரிக்க நாட்டுக்கு ஏற்றி அனுப்பப் போனபோது, யூத ரபிக்களே அவர்களைத் தம் வீட்டில் ஒளித்துவைப்போம் என்று அறிவித்தார்கள். ஹிட்லர் முகாமிலிருந்து பிழைத்த முதியவர்கள் கடிதம் எழுதினார்கள். சில மாதத்தில் அரசு திட்டத்தைக் கைவிட்டது. தன் அரசையே எதிர்த்து அகதிக்காக நிற்கத் தெரிந்தவர்களிடம்தான் நாங்கள் கற்கிறோம்.

அவர்களும் அப்பழுக்கற்றவர்கள் இல்லை. கொச்சியில் பரதேசி யூதர்கள், தங்களிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தோரைத் தொழுகைக் கூடத்தில் சமமாக உட்கார விடவில்லை. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சலேம் சத்தியாக்கிரகம் செய்து அந்தத் தடையை உடைத்தார். இதைப் படிக்கும்போது எங்களுக்கு எங்கள் மாவட்டத்து மேல்பாதி கிராமம் நினைவுக்கு வந்தது. திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் வரக் கூடாது என்ற தகராறில் 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். கடல் கடந்து வந்தவரை வரவேற்போம் என்று சொல்கிற ஊரில், தெரு கடந்து வருகிறவரை மறிக்கிறோம். 1978இல் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்ட மண் இது. ஆகவே இந்த இயக்கத்தின் கூட்டம் எந்தத் தெருவில் நடந்தாலும் எல்லாரும் வருவார்கள், ஒரே டம்ளரில் டீ குடிப்பார்கள். அது முடியாத இடத்தில் கிளை தேவையில்லை.

நம்ம ஆளுங்களுக்கே வேலை இல்லையே என்பது அடுத்தது. வேலை தேடிக் கடல் தாண்டியவர்கள் நாம். தென்னாற்காட்டு ஏழைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் நெட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் மலாயாவுக்கும் போயின, புதுச்சேரியிலிருந்து ரீயூனியனுக்குப் போயின. பர்மாவிலிருந்து 1942இல் காட்டு வழியே நடந்து வந்ததும், 1960களில் நே வின் ஆட்சியில் கடை கண்ணியை விட்டுவிட்டு வந்ததும் நம் சனம்தான். இன்றும் அனந்தபுரத்துப் பிள்ளைகள் பெங்களூர்ச் சாரத்தில் நிற்கிறார்கள். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது அரசு பதறி மறுத்தது, சரிதான். ஆனால் வடக்கத்தியான் என்று அவர்களைப் பெயரில்லாமல் கூப்பிடுவது பொய் வீடியோவில் இல்லை, நம் வாயில் இருக்கிறது.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் தர இந்தியா தர்மசாலை இல்லை என்று அமர்வு வாய்மொழியாகச் சொன்னது. நீதிமன்றத்தின் மீது மரியாதை உண்டு. ஆனாலும் நாங்கள் பழைய தென்னாற்காட்டுக்காரர்கள். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது, வருகிறவரிடம் அங்கே யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் தர்மசாலை என்பதை யாரும் குறைச்சலாகச் சொல்வதில்லை.

ஏற்கிறோம், கோருகிறோம்

இந்தியாவில் பிறந்து இங்கேயே வளர்ந்த எவரும் முகாம்வாசி என்ற தகுதியோடு சாகக் கூடாது என்று நம்புகிறோம். 1964 ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா ஏற்கச் சம்மதித்த மக்களின் வழிவந்தோருக்கு உடனே குடியுரிமை வேண்டும். மற்ற இலங்கைத் தமிழரில் இங்கே இருக்க விரும்புகிறவர்களுக்கும் அதற்கு வழி வேண்டும். திரும்ப விரும்புகிறவர்களுக்குப் பாதுகாப்பும், இலங்கையில் பறிபோன காணியும் திரும்பக் கிடைக்க இரு அரசும் பேச வேண்டும். யாரையும் தள்ளிவிடக் கூடாது, யாரையும் பிடித்துவைக்கவும் கூடாது. மதம் பாராத அகதிகள் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் வர வேண்டும். அது வந்தால் ரோஹிங்கியாக்களுக்கும் பயன்படுமே என்று சிலர் தயங்குகிறார்கள். ஆம், பயன்பட வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தில் எங்களுக்கு வழிகாட்டிகள் இருவர். ஒருவர் ஈழத்திலிருந்து வந்தவர். தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், அகதிகளே அகதிகளுக்குப் பாடம் நடத்தி, மருந்து கொடுத்து, பிறப்புச் சான்று வாங்கிக் கொடுத்த அமைப்பு. அதனால் எங்கள் குழுவில் பாதி இடம் முகாமில் இருந்து வருகிறவர்களுக்கு. அவர்களுக்காகப் பேசிக்கொண்டே அவர்களைப் பேச விடாத அன்பு எங்களுக்கு வேண்டாம். இன்னொருவர் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணி. இருளர் மக்களுக்காக அவர் நடத்திய போராட்டத்தில் பெரும்பகுதி சாதிச் சான்றிதழ் என்ற ஒற்றைக் காகிதத்துக்காகக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் கழிந்தது. வீரம் என்றால் என்னவென்று எங்கள் தலைமுறை அங்கே கற்றது.

ஆகவே மேடை, ஊர்வலம் எல்லாம் எப்போதாவது. வாரந்தோறும் நடக்கப்போவது மனு எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதி, திங்கட்கிழமை விழுப்புரம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீது வாங்கி, பதில் வராவிட்டால் மறுபடி போவது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்பது. வடக்கிலிருந்து வந்து சூளையிலும் ரைஸ் மில்லிலும் தங்கியிருப்பவர்களுக்கு, தங்கள் ஊர் ரேஷன் அட்டையை வைத்தே இங்கே அரிசி வாங்கலாம் என்று சொல்வது, ஆஸ்பத்திரியில் அவர்களோடு இந்தியில் பேச ஒருவரை அனுப்புவது. உதவி செய்யும்போது போட்டோ எடுக்கக் கூடாது. அரிசிப் பையைப் பிடித்தபடி நிற்கும் ஒருவரின் முகத்தை வைத்து இந்த இயக்கம் விளம்பரம் தேடினால், அன்றைக்கே அதைக் கலைத்துவிட உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு. கட்சியில் இருப்பவர்கள் வரலாம், கரை வேட்டியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு.

முதல் வேலை குறித்தாயிற்று. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், வெளிநாட்டுத் தூதர் பிள்ளைகள் போன்ற விதிவிலக்கு நீங்கலாக, பெற்றோர் எந்த நாட்டவராயினும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இதைப் பிடித்துக்கொண்டு உயர்நீதிமன்றம் போனார். 2022இல் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவானது, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் ஓட்டுப் போட்டார். அவரைப் போல எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் என்று பட்டியல் எடுக்கப் போகிறோம். அந்தத் தேதிக்கும் 2004 டிசம்பர் 3க்கும் நடுவே பிறந்தவர்களில், தாயோ தகப்பனோ இந்தியக் குடிமகன் என்று நிரூபிக்க முடிந்தவர்களும் இதில் சேர்வார்கள். முகாம் பெரியவர்களும், அவர்கள் வீட்டில் பெண் கொடுத்த அல்லது எடுத்த உள்ளூர்க்காரர்களும், பெட்டியின் அடியில் கிடக்கும் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தேயிலைத் தோட்டத்துத் துண்டுச் சீட்டு, தாத்தாவின் பழைய கண்டிப் பாஸ்போர்ட் எதுவானாலும் எடுத்துக்கொண்டு வரவும். மூலத்தைக் கையை விட்டுக் கொடுக்க வேண்டாம். ஜெராக்ஸ் செலவு எங்களுடையது.